படப்பெட்டிக்குள் நான் வைத்த பொய்

ஒரு படத்தின் பிரிண்டை நான் கிழித்தேன். கிழித்தது நான்தான் என்பதை மறைக்க ஒரு தாளில் பொய் எழுதினேன். அந்தப் பொய்க்கு வேறொருவர் விலை கொடுத்தார். குற்றம் இவ்வளவுதான். ஆனால் அது எப்படி நடந்தது என்று தெரியாமல் நீங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பெருநகரம். அங்கே ஒரு கல்லூரி அரங்கில் நான் புரொஜெக்டர் ஆபரேட்டர். படித்துக்கொண்டே பார்த்த வேலை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்த அரங்கில் கறுப்பினத் திரைப்பட விழா நடக்கும். அமெரிக்காவில் பிப்ரவரி, கறுப்பின வரலாற்று மாதம். மற்ற மாதங்களில் கதவைச் சாத்தி வைத்திருக்கும் இடங்களும் அப்போது திறக்கும். விழாவின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர்கள்மேல் பிசகு எதுவும் இல்லை.

அந்த விழாக்களில் ஒரு பிரிண்டுக்கு என்ன மதிப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், ஒரு சுருள் கிழிந்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும்.

1966-இல் துனிசியாவில் கார்த்தேஜ் விழா தொடங்கியது. முதல் ஆண்டே தலையாய பரிசு செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் 'லா நுவார் த' படத்துக்குப் போனது. பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று வீட்டு வேலைக்குக் கூட்டிப்போன செனகல் பெண்ணின் கதை. 1969-இல் உவாகதூகுவில் இன்னொரு விழா தொடங்கியது. இன்று உலகம் ஃபெஸ்பாகோ என்று அழைப்பது அதைத்தான். அந்தக் காலத்தில் பிரெஞ்சு பேசும் மேற்கு ஆப்பிரிக்காவின் தியேட்டர்களுக்குப் படம் கொடுக்கும் உரிமை இரண்டு அயல் கம்பெனிகளின் கையில் இருந்தது. ஆப்பிரிக்கர் எடுத்த படத்துக்கு ஆப்பிரிக்கத் தியேட்டரிலேயே இடமில்லை. அப்படிப்பட்ட படங்களுக்கு விழாப் பந்தல்தான் தியேட்டர்.

அமெரிக்காவிலும் கதை ஏறக்குறைய இதேதான். ஆஸ்கர் மிஷோ மௌனப்பட காலத்திலேயே தன் படங்களைத் தானே ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியவர். அவர் எடுத்தவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1920-இல் அவர் எடுத்த 'வித்தின் அவர் கேட்ஸ்' தொலைந்தே போனது என்று நினைத்திருந்தார்கள். எழுபதுகளில் ஒரே ஒரு பிரிண்ட் ஸ்பெயினில் கிடைத்தது. அடிமை வணிகத்தைப் பற்றி ஹைலே கெரிமா எடுத்த 'சங்கோஃபா' 1993-இல் பெர்லின் போட்டியில் ஓடியது. திரும்பி வந்தால் வாங்கி வெளியிட அமெரிக்க விநியோகஸ்தர் ஒருவரும் இல்லை. நகரம் நகரமாகத் தியேட்டரை வாடகைக்குப் பிடித்து அவரே ஓட்டினார். டேனி குளோவரும் மற்றவர்களும் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸில் பான் ஆப்பிரிக்கன் விழாவைத் தொடங்கியது 1992-இல். மறு ஆண்டே நியூயார்க்கில் ஆப்பிரிக்கப் படங்களுக்கு ஒரு விழாவும், புலம்பெயர்ந்த ஆப்பிரிக்கர்களின் படங்களுக்கு இன்னொன்றும் வந்தன. இவற்றைப் பார்த்து எத்தனையோ சின்ன விழாக்கள் முளைத்தன. நூலகத்தில், தேவாலயத்து அடித்தளத்தில், பள்ளிக்கூட மண்டபத்தில்.

இவர்களுக்குள் படங்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். பல இயக்குநர்களிடம் இருந்தது ஒரே பிரிண்ட். ஒரு விழா ஓட்டி முடித்து அடுத்த விழாவுக்கு அனுப்பும். பெட்டிக்குள் ஒரு தாள் கூடவே போகும். வாங்கும்போது பிரிண்ட் எப்படி இருந்தது, எந்த அடியில் கீறல், எங்கே ஒட்டு, எத்தனை துளை கிழிந்திருக்கிறது என்று ஒவ்வொரு ஆபரேட்டரும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டு பத்திரம் இல்லை. வெறும் தாள். அந்தத் தாளை எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் மொத்த ஏற்பாடும் நடந்தது.

என் கர்வத்தைப் பற்றி இப்போது. என் அப்பா டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். கார்பன் குச்சி வெளிச்சத்தில் படம் ஓட்டியவர். பத்து வயதுக்குள் எனக்கு ரீல் சுற்றத் தெரியும். "கொட்டாயில விசில் அடிச்சான்னா அது ஆபரேட்டர் கன்னத்துல விழுற அறைடா" என்பார். அமெரிக்காவில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஒரு மரியாதை சேர்த்துக்கொண்டேன். மற்ற மாணவ ஆபரேட்டர்கள் கையேட்டைப் பார்த்து மாட்டுவார்கள். நான் கையேட்டைத் தொடுவதில்லை. அதைச் சொல்லியும் காட்டுவேன்.

அந்த ஆண்டு விழாவில் சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில், தெரிந்தவர்களையும் தொழில்முறை நடிகர் அல்லாதவர்களையும் வைத்து, மாணவராக இருந்தபோது அவர் எடுத்த படம். பாட்டுகளுக்கு உரிமை வாங்காததால் அதுவரை தியேட்டர் வெளியீடு இல்லை. 16 மி.மீ. பிரிண்டாக விழாக்களிலும் வகுப்பறைகளிலுமே உயிரோடு இருந்தது. 1990-லேயே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தப் பிரிண்டை வெள்ளைக் கையுறை போட்டு அடி அடியாகச் சோதித்தேன். தாளில் பொடி எழுத்தில் நிறைய எழுதினேன்.

அதே வாரம் இன்னொரு பெட்டி வந்தது. பிரெஞ்சு கரீபியன் தீவு ஒன்றைச் சேர்ந்த பெண் இயக்குநர். அவருடைய முதல் படம், கரும்புத் தோட்டத்தில் உழைத்த பாட்டிமாரைப் பற்றிய ஆவணப்படம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பெட்டி வேறொரு நகரத்துத் தேவாலய விழாவிலிருந்து வந்திருந்தது. பெயர் பெற்ற படத்துக்குக் கையுறை போட்டவன், இந்தப் பெட்டியின் வாரைக்கூட அவிழ்க்கவில்லை.

காரணம் சொல்கிறேன். அன்று மாலை விருந்தினர்களுக்கு வரவேற்பு. அங்கே நான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே போனேன். அந்தப் பெண் இயக்குநரிடம் போய் நின்று, உங்கள் தீவுகளுக்கு எங்கள் ஆட்களும் வந்தார்கள், அடிமை முறை ஒழிந்தபின் புதுச்சேரி, காரைக்காலில் கப்பல் ஏறிக் கரும்பு வெட்டினார்கள் என்று பேசினேன். மார்த்தினிக்கின் யூஸான் பால்சி 1983-இல் எடுத்த 'ரு காஸ் நேக்ர' படத்தை நான் எத்தனை நன்றாக அறிவேன் என்று காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நாளைக்குப் பிரிண்ட் நன்றாக ஓடுமா என்று மட்டும் கேட்டார். பாரிஸ் லேப்பில் நெகடிவ் இருக்கிறதாம். பாக்கி கட்டாமல் இன்னொரு பிரிண்ட் எடுக்க வழியில்லையாம். "பார்த்துவிட்டேன், அருமையாக இருக்கிறது" என்றேன்.

முதல் பொய் அதுதான்.

மறுநாள் மதியக் காட்சி. அரங்கு நிறைந்திருந்தது. 16 மி.மீ. ஒலிப்படப் பிரிண்டுக்கு ஒரு ஓரத்தில்தான் துளைகள். மறு ஓரத்தில் ஒலித்தடம். அந்த ஒற்றை வரிசைத் துளைகளைப் பிடித்துத்தான் புரொஜெக்டரின் நகம் ஒவ்வொரு கட்டமாகக் கீழே இழுக்கும். இழுக்கும் இடத்துக்கு மேலும் கீழும் பிலிம் தளர்ந்து வளைந்து நிற்க வேண்டும். அதற்கு லூப் என்று பெயர். லூப் போய்விட்டால் பிலிம் விறைத்துக்கொள்ளும். நகம் துளையைத் தின்ன ஆரம்பிக்கும்.

நான் மாட்டும்போது பேசிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற ஒரு முதலாண்டு மாணவிக்கு அப்பாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழ் லூப்பைச் சின்னதாக வைத்துவிட்டேன். கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

பாதிப் படம் ஒழுங்காக ஓடியது. பிறகு படம் நடுங்கியது. குரல் குழறியது. சத்தம் மாறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். படபடவென்று ஒரு தட்டல். சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். கேட்ட நொடியில் அப்பா கை சுவிட்சுக்குப் போய்விடும். நிறுத்த வேண்டும். வேறு வழியே கிடையாது.

நான் நிறுத்தவில்லை.

இந்த இடத்தில் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்ல முடியாது. தெரிந்தே ஓட்டினேன். நிறுத்தினால் அரங்கு இருட்டாகும். எல்லாத் தலையும் பின்னால் திரும்பி என் ஜன்னலைப் பார்க்கும். முந்தின நாள் பீற்றிக்கொண்டவன் நான். லூப்பைத் திரும்ப எடுத்துக்கொடுக்கும் நெம்புகோலை அழுத்தினேன். பிடித்தது, மறுபடி போனது. மறுபடி அழுத்தினேன். தானாகச் சரியாகிவிடும் என்று நின்றேன். நிமிடத்துக்கு 36 அடி ஓடும். மூன்று நிமிடமாவது அப்படி விட்டிருப்பேன். நூறடிக்கு மேல் துளைகள் கிழிந்தன.

பிறகு பிலிம் நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு பாட்டியின் முகம். தலையில் கட்டம் போட்ட துணி. ஏதோ சொல்ல வாய் திறந்திருந்தார். கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றியது. கொப்புளித்தது. வாய் வரை பரவி வெள்ளையாகிவிட்டது. அரங்கில் ஒருவரும் விசில் அடிக்கவில்லை. யாரோ ஒரு பெண் "ஓ, நோ" என்றார். அவ்வளவுதான்.

கருகிய பகுதியை வெட்டி, டேப் போட்டு ஒட்டி, கிழிந்த பகுதியைத் தாண்டி மாட்டி மீதியை ஓட்டினேன். வெட்டிய துண்டைப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் குப்பைக் கூடையில் போட்டேன்.

இயக்குநர் மேலே வருவார் என்று தெரியும். மேசையில் அந்தத் தாள் இருந்தது. எங்கள் அரங்குக்கான இடம் காலியாக இருந்தது. முந்தின நாளே நிரப்பியிருக்க வேண்டியது. நிரப்பாதது இப்போது வசதியாகப் போயிற்று. முந்தின நாள் தேதியைப் போட்டேன். "வரும்போதே பிலிம் நைந்திருக்கிறது. இரண்டாம் பாதியில் துளைகள் கிழிந்துள்ளன. ஓட்டுவது ஆபத்து" என்று எழுதினேன். அன்று காலை வேறொரு படத்துக்கு எழுதிய பேனாவை விட்டுவிட்டு வேறு பேனா எடுத்தேன். பதற்றத்தில் செய்ததாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் பேனா மாற்றுகிறவனுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்திருக்கிறது.

அவர் வந்தார். அழவில்லை. தாளைப் படித்தார். "நேற்று அருமையாக இருக்கிறது என்றீர்களே?" என்று கேட்டார். உங்களை வருத்தப்படுத்த மனம் வரவில்லை என்றேன். என் தோளைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு முந்தின கையெழுத்து, தேவாலய விழாவின் ஆபரேட்டருடையது. எழுபது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர், சம்பளம் இல்லாமல் ஓட்டுபவர் என்று பிறகு தெரிந்தது. அவர் அழகாக எழுதியிருந்தார். நல்ல நிலை, ஒரே ஒரு பழைய ஒட்டு, அதுவும் உறுதி.

விழா அலுவலகத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு பக்கம் கல்லூரி அரங்கு, புது மிஷின். இன்னொரு பக்கம் ஏழைப் பகுதியில் ஒரு தேவாலயத்தின் அடித்தளம், ஓசி மிஷின், வயதான மனிதர். யார் பேச்சு எடுபடும் என்று நான் எழுதும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே அசிங்கமானது. நான் தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரன். ஊரில் பொருள் காணாமல் போனால் முதலில் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவார்கள் என்று பார்த்து வளர்ந்தவன். அந்த வழக்கத்தை அங்கே போய் உபயோகித்துக்கொண்டேன். அதுவும் அதே வழக்கத்துக்கு எதிராகக் கூடிய ஒரு விழாவில்.

அலுவலகத்திலிருந்து தேவாலயத்துக்குப் பணிவாக ஒரு கடிதம் போனது. மிஷினைச் சோதிக்கவும் என்று. சில நாள் கழித்து ஆபரேட்டர் ரூமுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. அந்தப் பெரியவர்.

தன் பேரைச் சொன்னார். என்னை 'சார்' என்றார். என்னைவிட ஐம்பது வயதாவது மூத்தவர். சண்டைக்கு வரவில்லை. ஒரு ஆபரேட்டர் இன்னொரு ஆபரேட்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். எத்தனாவது அடியில் ஆரம்பிக்கிறது, சார்? கிழிசல் துளையின் மேல் விளிம்பிலா, கீழ் விளிம்பிலா? விட்டுவிட்டு இருக்கிறதா, தொடர்ச்சியா? அனுபவசாலிக்கு இது போதும். எந்த மிஷினில், எப்படிப் போனது என்று ஓரளவு கண்டுபிடித்துவிடுவார்.

எனக்கு எல்லாம் நினைவில் இருந்தது. "ஞாபகம் இல்லை" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர் தானாகவே சொன்னார். அனுப்புவதற்கு முன்னால் ஓரம் முழுவதையும் விரலுக்கிடையில் விட்டுப் பார்த்தாராம். எதுவும் தட்டுப்படவில்லையாம். "அப்படியானால் என் விரலுக்கு உணர்ச்சி போய்விட்டது போலிருக்கிறது, சார். எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது" என்றார். அந்த அம்மாவின் படத்தைக் கெடுத்துவிட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். விசில் அடிக்க ஆள் இல்லை. வேலை போகும் என்று பயந்தேன். விசாவும் அந்தக் கல்லூரியோடு ஒட்டியிருந்தது. ஆனால் உண்மையான பயம் அதுகூட இல்லை. கையேட்டைத் தொடாத டூரிங் டாக்கீஸ் பிள்ளை என்ற அந்தப் பேர் போய்விடுமே என்று பயந்தேன். "பரவாயில்லை, வயதானால் சகஜம்தான்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். சொன்னேன் என்பதை எழுதவே கை கூசுகிறது.

அவர் அதோடு மிஷினைத் தொடுவதை விட்டுவிட்டார். விழா நடத்துபவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். அந்தத் தேவாலயத்தில் பிரிண்ட் கெடும் என்று பேச்சுப் பரவியது. அடுத்த ஆண்டு பிலிம் அனுப்ப இயக்குநர்கள் தயங்கினார்கள். வீடியோ கேசட் அனுப்பினார்கள். அதற்கடுத்து அங்கே விழாவே நடக்கவில்லை. என்னால் மட்டும்தான் நின்றதா என்று என்னால் சொல்ல முடியாது. என் தாள் அதில் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பகுதியில் இந்தப் படங்களைக் காட்ட வேறு இடம் இல்லை.

இயக்குநரால் புது பிரிண்ட் எடுக்க முடியவில்லை. படம் கேசட்டில் சுற்றியது. பின்னாளில் அந்தக் கிழிந்த பிரிண்டிலிருந்துதான் டிஜிட்டல் பிரதி எடுத்தார்கள். அதில் அந்தப் பாட்டி வாய் திறக்கிறார். அடுத்த நொடி வேறு இடம், வேறு வெயில். அவர் சொன்னது என்ன என்று அந்தப் பிரதியைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. படத்தை நான் கவனித்துப் பார்க்கவே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இயக்குநருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் வந்தது. திட்டவில்லை. மன்னித்ததாகவும் எழுதவில்லை. அந்தப் பெரியவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டிருந்தார். சொல்லவில்லை. விசாரித்தேன். அவர் காலமாகி நெடுநாள் ஆகியிருந்தது. முதலில் இயக்குநருக்கு எழுதியதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் படித்தவர், பண்பானவர், கடுமையாகப் பேச மாட்டார் என்று எனக்குத் தெரியும். பெரியவரின் குரலை மறுபடி கேட்கத்தான் பயமாக இருந்தது. தள்ளிப்போட்டேன். அவர் தன் விரல்களைச் சந்தேகித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

தேவாலயத்துக்கு எழுதினேன். செயலாளர் பதில் போட்டார். கடிதத்தைப் பெரியவரின் மகளுக்குப் படித்துக் காட்டியதாகவும், குடும்பத்துக்கு ஒரு நகல் வேண்டும் என்று அவர் கேட்பதாகவும் இருந்தது. அனுப்பினேன். வேறு எதுவும் அவர்கள் கேட்கவில்லை. பிரிண்ட் இப்போது இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதினேன். என் பழைய தாள் அங்கே பெட்டியோடு இருக்கிறது. அதை எடுக்க மாட்டார்களாம். என் கடிதத்தை அதன் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இதைத் தமிழில் எழுதுகிறேன். தமிழில் எழுதுவது எனக்கு வசதி. அந்த மகளோ, அந்தப் பகுதி மக்களோ, இன்றும் பிப்ரவரியில் விழா நடத்துகிறவர்களோ இதைப் படிக்க முடியாது. விழா நடத்துகிறவர்கள் நடுவே என் பேர் இன்னும் நல்ல பேராகத்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டு முன்புகூட ஒரு விழா மலரில், பிலிம் காலத்து ஆபரேட்டர் என்று என்னைப் பாராட்டி எழுதினார்கள். அப்பாவைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அதை மறுத்து நான் அவர்களுக்கு இன்னும் எழுதவில்லை.